செக்கு மாடாகச் சுற்றிய கப்பல்

காரைக்குடிக்கு முதல் தடவையாக வருகிற நண்பர்கள் எங்கள் பக்கத்து வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "இவ்வளவு பெரிய வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்பது முதல் கேள்வி. பதில் சொல்லச் சற்று வெட்கமாக இருக்கும். பல வீடுகளில் காவல்காரர் ஒருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. இரண்டாவது கேள்வி: "மழைக்கே ஏங்குகிற சீமையில் தரைமட்டத்தை எதற்காக இவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள்? வெள்ளமா வரப் போகிறது?"

இதற்குப் பதில் உண்டு. நகரத்தார் முன்னாளில் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தவர்கள் என்பது மரபு. கடலை ஒட்டி வாழ்ந்தவர்கள் கடலை விட்டு உள்ளே வந்து, வறண்ட செம்மண் பூமியில் குடியேறினார்கள். வந்தவர்கள் பழைய பயத்தையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்கள். ஆகவேதான் படியேறிப் போகும்படி வீடு கட்டினார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கதையோ நிஜமோ, எனக்கு இந்தக் கதையில் ஒரு பிரியம். கடலைப் பார்த்துப் பயந்து ஓடிவந்தவர்கள், பிறகு அதே கடலைத் தாண்டித்தானே ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் 'கொண்டுவிக்க'ப் போனார்கள்! பர்மாத் தேக்கைத் தூணாக நிறுத்தினார்களே, அந்தத் தேக்கு வங்காள விரிகுடாவின் மேல் வந்த தேக்குத்தானே!

என் அப்பத்தாவுக்கு வங்காள விரிகுடா என்ற பெயர் தெரியாது. 'கடல்' என்று மட்டும் சொல்வாள். ஐயா கப்பலேறினார் என்றால், அக்கரை போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வருகிறவரையில் சாமி அறை விளக்கை அணைய விடமாட்டாளாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிரயாணம் என்றால் விளக்கோடு விரதமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பயணங்களெல்லாம் நின்று வெகுகாலம் ஆன பிறகும், காற்று சற்றுப் பலமாக அடித்தால் முகப்புக்கு வந்து கிழக்கே பார்த்து நிற்பாள்.

1964ஆம் வருஷம் டிசம்பர் மாதம் நான் பள்ளிக்கூடத்துப் பையன். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்ற செய்தி ஊருக்கு வந்த அன்று, அப்பத்தா என்னைக் கூப்பிட்டு இரண்டு கேள்விகள் கேட்டாள்.

"நீ படிக்கிற பிள்ளைதானே, சொல்லு. இந்தக் காத்து எங்கேப்பா பிறக்குது? ஒண்ணுமில்லாம இருந்தது, ஒரே ராத்திரியிலே எப்படிப்பா இப்படிப் பெருத்துப் போகுது?"

எனக்குத் தெரியவில்லை. எங்கள் பூகோள வாத்தியாரைக் கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றார். அதற்குப் பின் நான் கதை எழுதுகிறவனாகிவிட்டேன். ஆனாலும் அந்த இரண்டு கேள்விகளும் என்னை விட்டபாடில்லை. கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்ததில் ஒன்று தெரிந்தது: அப்பத்தா கேட்ட அதே கேள்விகளை இருநூறு வருஷங்களாகப் பெரிய பெரிய மனிதர்களும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு குதிரைச் சேணம் செய்கிறவர். வில்லியம் ரெட்ஃபீல்டு என்று பெயர், அமெரிக்கர். 1821ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் அவருடைய சீமையில் ஒரு பெரும்புயல் அடித்தது. அடித்து ஓய்ந்த பின் அவர் கனெக்டிகட் மாகாணத்தில் பிரயாணம் செய்தார். வழி நெடுக மரங்கள் சாய்ந்து கிடந்தன. சாய்ந்த மரத்தை யார்தான் பார்க்கவில்லை? ஆனால் அவர் எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார். ஓரிடத்தில் மரங்களின் தலை வடமேற்கே. வெகு தூரம் தள்ளி இன்னோரிடத்தில் தென்கிழக்கே. ஒரே புயல், நேர் எதிரான இரண்டு திசைகளில் மரங்களைத் தள்ளியிருக்கிறது. அப்படியானால் புயல் என்பது நேராக ஓடுகிற காற்று அல்ல. பம்பரம்போலச் சுழன்றுகொண்டே நகருகிற காற்று! பத்து வருஷம் பொறுத்து, 1831இல் இதை எழுதி வெளியிட்டார். புயலைக் களத்திலே போய் ஆராய்ந்தவர்களில் முன்னோடி என்று அவரைச் சொல்லலாம்.

இரண்டாமவர் நமக்கு நெருங்கியவர். ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர். வணிகக் கப்பலில் தலைவராக இருந்து, பிறகு கல்கத்தாவில் தங்கிவிட்டவர். அங்கே ஒரு காட்சிசாலையின் காப்பாளர் உத்தியோகம். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்துக்கும் தலைவர். கரையேறிய மாலுமிக்குக் கடல் மறக்குமா? 1839இல் வங்கக் கடலில் அடித்த ஒரு புயலைப் பற்றி எழுதத் தொடங்கியவர் பிறகு நிறுத்தவே இல்லை. வங்காள ஏஷியாடிக் சொஸைட்டியின் சஞ்சிகையில் ஒன்றன்பின் ஒன்றாக, இருபதுக்கும் மேற்பட்ட புயல் வரலாறுகளை எழுதினார்.

அவருடைய வழி மிகவும் எளியது; ஆனால் மகா பொறுமை வேண்டியது. ஒவ்வொரு கப்பலிலும் ஒரு தினக்குறிப்புப் புத்தகம் உண்டல்லவா? இத்தனை மணிக்குக் காற்று இந்தத் திசை, பாரமானி இவ்வளவு, பாய் கிழிந்தது, பாய்மரம் ஒடிந்தது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். புயலில் அகப்பட்டுத் தப்பி வந்த கப்பல் ஒவ்வொன்றிடமும் பிடிங்டன் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பார். ஒரே நாளில் பத்துக் கப்பல்கள் பத்து இடங்களில் கண்ட காற்றைப் படத்தில் குறிப்பார். குறித்துவிட்டுப் பார்த்தால் அம்புகளெல்லாம் ஒரு மையத்தைச் சுற்றி வளைந்து நிற்கும். நமது கடைகளில் ஒரு பேரேட்டை இன்னொரு பேரேட்டோடு ஒத்துப் பார்த்து மறைந்த பணத்தைக் கண்டுபிடிப்பார்களே, அதே வித்தைதான். அவர் தேடியது புயலின் நடுப்புள்ளி.

அப்படி அவர் கைக்கு வந்த குறிப்புகளுள் ஒன்று 'சார்லஸ் ஹெடில்' என்ற சிறு கப்பலுடையது. 1845ஆம் வருஷம் பிப்ரவரியில், மொரீஷியஸ் தீவுக்குப் பக்கத்தில் அது புயலில் மாட்டிக்கொண்டது. காற்றை எதிர்க்க முடியாது என்று கண்ட கப்பல் தலைவன், காற்று போகிற போக்கிலே ஓட விட்டான். நாள் கணக்கில் ஓடியது கப்பல். நூற்றுக்கணக்கான மைல் தாண்டிவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள் பாவம்! புயல் விட்ட பிறகு கணக்குப் பார்த்தால், ஓடிய ஓட்டத்துக்குக் கடந்த தூரம் சொற்பம். செக்கு மாடுபோல அந்தப் புயலின் மையத்தை ஐந்து தடவை சுற்றி வந்திருக்கிறது கப்பல்! ரெட்ஃபீல்டுக்கு மரங்கள் சொன்னதைப் பிடிங்டனுக்கு ஒரு கப்பலே சுற்றிக் காட்டிவிட்டது.

1848இல் அவர் வெளியிட்ட புத்தகத்துக்கு 'மாலுமியின் அரிச்சுவடி' என்று நாம் பெயர் சொல்லலாம். அந்தக் காலத்து ஆங்கிலேயக் குழந்தைகள் கொம்புத் தகடு பதித்த பலகையில் எழுத்துப் படிப்பார்கள். அதையே பெயராக வைத்தார். பெயருக்கு ஏற்ப, வட்டங்கள் வரைந்த மெல்லிய கொம்புத் தகடுகளையும் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்தார். தகடு கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். கடற்படத்தின் மேல் அதை வைத்து நகர்த்தினால், புயலின் மையம் எங்கே, கப்பல் எந்தப் பக்கம் தப்பலாம் என்று மாலுமி தானே கண்டுகொள்ளலாம். வங்கக் கடலில் காற்றை எதிர்நோக்கி நில். புயலின் நடுவிடம் உன் வலக்கைப் பக்கம் இருக்கிறது. அவ்வளவுதான் பாடம். அந்தப் புத்தகத்தில்தான் 'சைக்ளோன்' என்ற சொல்லும் பிறந்தது. பாம்பு சுருண்டு கிடக்கிற வளையத்தை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் உண்டாக்கியது. உலகமெங்கும் இன்று வழங்குகிற அந்த வார்த்தை நம் வங்கக் கரையில் பிறந்த பிள்ளை.

பிடிங்டனைப் பற்றி இன்னொரு சம்பவம் சொல்லாவிட்டால் மனம் ஆறாது. கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் ஒரு புதிய துறைமுகம் கட்டுவதென்று சர்க்கார் யோசித்துக்கொண்டிருந்தது. 1853இல் அவர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். "அங்கே கட்டாதீர்கள், என்றாவது ஒரு நாள் புயலோடு கடல் உயர்ந்து வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும்" என்பது அதன் சாரம். யார் கேட்டார்கள்? துறைமுகம் எழும்பியது, கானிங் துரையின் பெயரும் வைத்தாயிற்று. பிடிங்டன் 1858இல் காலமானார். 1867இல் புயல் வந்தது, கடல் உயர்ந்தது, துறைமுகம் அழிந்தது. தாம் சொன்னது பலித்ததைப் பார்க்கும் துர்ப்பாக்கியம் அவருக்கு நேரவில்லை.

அதற்குள் கல்கத்தாவே அடிபட்டிருந்தது. 1864 அக்டோபர் 5ஆம் தேதி ஹூக்ளி ஆற்றில் ஏறிய கடல், ஏறக்குறைய அறுபதாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகே சர்க்காருக்குக் கண் திறந்தது. துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்து, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் தலைவரானார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட், வங்கக் கடல் புயல்களைப் பற்றி 1890இல் மாலுமிகளுக்காக ஒரு கைந்நூல் வெளியிட்டார். அப்பத்தாவின் முதல் கேள்விக்கு, அதாவது காற்று எங்கே பிறக்கிறது என்பதற்கு, ஓரளவு பதில் சேர்ந்துவிட்டது. அந்தமானை அடுத்தும், அதற்குத் தெற்கேயும், வெதுவெதுப்பான நடுக்கடலில் பிறக்கிறது. மேற்கும் வடமேற்குமாக நடந்து நம் கரைக்கு வருகிறது.

எதை உண்டு வளர்கிறது? இதற்கு விடை நம் சமையலறையிலேயே இருக்கிறது. கொதிக்கிற வெந்நீர் கையில் பட்டால் சுடும். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது அடிக்கிற ஆவி பட்டாலோ அதைவிடப் பொல்லாத சூடு. ஏன்? தண்ணீர் ஆவியாகும்போது ஏராளமான வெப்பத்தை விழுங்கிக்கொள்கிறது. அந்த ஆவி மறுபடி தண்ணீராகும்போது விழுங்கியதைக் கக்குகிறது. கடலில் நடப்பதும் இதுவே. 26 அல்லது 27 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறிய கடல் ஆவியை மேலே அனுப்புகிறது. மேலே அது மழைத்துளியாகிறபோது வெப்பத்தைக் கக்க, சூடான காற்று இன்னும் மேலே எழும்புகிறது. அடியில் அழுத்தம் குறைகிறது. சுற்றிலுமிருந்து காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேரே வந்து சேராமல் வளைந்து சுற்றுகிறது. காற்று வேகமாக அடிக்க அடிக்கக் கடல் இன்னும் அதிகமாக ஆவியாகிறது. வட்டியை முதலோடு சேர்த்து, அந்த முதலுக்கு மறுபடி வட்டி போடுகிற கணக்கு இது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்!

ஆனால் கப்பல் குறிப்புகளை வைத்துக்கொண்டு புயலின் அடிப்பக்கத்தைத்தான் பார்க்க முடிந்தது. அதன் வயிற்றுக்குள் போய்ப் பார்த்தவர் யார்? 1943 ஜூலை 27ஆம் தேதி, அமெரிக்காவில் டெக்ஸஸ் கரையை ஒரு புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜோசப் டக்வொர்த் என்ற ராணுவ விமான ஆசிரியர், ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானம் ஒன்றில் ஒரு தோழரையும் ஏற்றிக்கொண்டு, புயலின் கண்ணுக்குள்ளேயே பறந்து போய்த் திரும்பிவிட்டார். "என்னையும் கூட்டிப்போ" என்று வானிலை அதிகாரி கேட்க, அன்றே இரண்டாவது தடவையும் போனார். அசட்டுத் துணிச்சல் என்று சொல்லலாம். ஆனால் அசட்டுத் துணிச்சல் சில சமயம் சாஸ்திரத்துக்கு வாசல் திறந்துவிடுகிறது. 1956இல் ராபர்ட் சிம்ஸன் தலைமையில் அமெரிக்க சர்க்கார் புயல் ஆராய்ச்சிக்கென்றே விமானங்களை அனுப்பத் தொடங்கியது. ஜோன் மால்கஸ் என்ற பெண்மணியும் ஹெர்பர்ட் ரீல் என்பவரும், வானத்தைத் தொடுகிற சில ராட்சத மேகக் கோபுரங்களே கடலின் வெப்பத்தை மேலே ஏற்றும் குழாய்கள் என்று 1950களின் கடைசியில் எடுத்துக் காட்டினார்கள். இன்று விமானத்திலிருந்து சிறு கருவிகளைக் குடை கட்டிப் புயலுக்குள் போடுகிறார்கள். 2021இல் ஆளில்லாத பாய்ப் படகு ஒன்று அட்லாண்டிக்கில் 'சாம்' என்ற புயலுக்குள்ளேயே நுழைந்து, உள்ளே கடல் கொந்தளிப்பதைப் படம் பிடித்து அனுப்பியது.

நம் கடலுக்கு வருவோம். 1964 டிசம்பர் 17ஆம் தேதி வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் தோன்றியது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு அருகில் புயல் பிறப்பது அபூர்வம். அங்கே சுழற்சிக்கு வேண்டிய திருகு குறைவு. ஆனால் அது பிறந்தது. இரண்டு நாளில் புயலானது. மேற்கே திரும்பி, நாளொன்றுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. 22ஆம் தேதி இலங்கையில் வவுனியா வழியாகப் புகுந்து வெளிவந்தது. அன்று இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரயில் புறப்பட்டது. ஊருக்குச் சற்று முன்னால் சிக்னல் விழவில்லை. ஓட்டுநர் காத்திருந்தார், ஊதிப் பார்த்தார், பிறகு மெள்ள நகர்த்தினார் என்கிறார்கள். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் காற்று தள்ளிய தண்ணீருக்குப் பரவ இடம் இல்லை. உயரத்தான் இடம் இருந்தது. ஏழு மீட்டர் என்று கணக்கிடப்பட்ட அலை, நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அந்த ரயிலை விழுங்கியது. ஊரும் போயிற்று. பாம்பன் பாலம் சிதைந்து, ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியரின் மேற்பார்வையில் 46 நாளில் மறுபடி எழுந்தது. தனுஷ்கோடி எழவில்லை.

காரைக்குடி அன்று அதே ராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தது. ராமேசுவரம் போய்த் திரும்பாதவர்களைத் தேடி உறவினர்கள் பஸ் நிலையத்தில் நின்றதை நான் பார்த்தேன். நம் சர்க்கார் வானிலைக்காரர்களுக்குப் புயல் இருப்பது தெரியாமல் இல்லை. ஆனால் நடுக்கடலில் அது என்ன செய்கிறது என்று பார்க்க அன்றைக்கு நமக்குக் கண் இல்லை. அமெரிக்காவின் முதல் வானிலைச் செயற்கைக்கோள் 1960இல்தான் பறந்தது. நம் நாட்டில் புயல் பார்க்கும் முதல் ராடார் 1970இல் விசாகப்பட்டினத்தில் அமைந்தது. பிறகு சென்னைக்கும் காரைக்காலுக்கும் வந்தது. நமது சொந்த இன்ஸாட் கோள் 1983 முதல் மேலிருந்து பார்க்க ஆரம்பித்தது.

ஆக, 'எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது' என்பதை இன்று பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். 1999இல் ஒரிஸாவில் பெரும்புயல் சுமார் பத்தாயிரம் பேரைக் கொன்றது. 2013இல் அதே கரைக்கு 'பாய்லின்' என்ற கடும்புயல் வந்தபோது, முன்கூட்டியே பத்து லட்சம் பேர் அளவில் இடம் மாற்றினார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம்தான், பிடிங்டன் முதலானவர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததன் பலன். இதைவிடப் பெரிய புண்ணியம் எந்தச் சாஸ்திரத்துக்கு உண்டு?

ஆனால் அப்பத்தாவின் இரண்டாவது கேள்வி? ஒரே ராத்திரியில் எப்படிப் பெருக்கிறது?

இருபத்துநான்கு மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் கூடிவிட்டால் அதை 'அதிவிரைவு வலுப்பெறல்' என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். சில புயல்கள் இப்படி வளர்கின்றன. அதேபோலத் தோன்றுகிற வேறு சில வளராமலே சோர்ந்துபோகின்றன. ஏன் என்று பார்க்கத்தான் இந்தக் காலத்துக் கப்பல்கள் போகின்றன. சாதாரணமாகப் புயலே தனக்கு ஒரு கடிவாளம் போட்டுக்கொள்ளும். அதன் காற்று கடலைக் கலக்கும், அடியிலிருக்கிற குளிர்ந்த நீர் மேலே வரும், தீனி குறையும். வங்காள விரிகுடாவில் இந்தக் கடிவாளம் சில சமயம் நழுவிவிடுகிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டுகிற நல்ல தண்ணீர், உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல மெல்லிய போர்வையாக நிற்கிறது. எளிதில் கலப்பதில்லை. அடிக்குளிர்ச்சி மேலே வர வழியில்லாமல், புயலுக்குச் சூடான தீனி தொடர்ந்து கிடைக்கிறது. நம் ஆறுகள் வயலை வளர்க்கின்றன என்று தெரியும். சமயத்தில் புயலையும் வளர்க்கின்றன!

இதை அளக்க, நம் 'சாகர் நிதி'யும் அமெரிக்காவின் 'ரோஜர் ரெவெல்' என்ற கப்பலும் 2013க்குப் பின் சில வருஷங்கள் வங்கக் கடலில் ஆராய்ச்சி செய்தன. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 1997 முதல் நடுக்கடலில் மிதவைகளைக் கட்டி வைத்திருக்கிறது. அடியில் இவ்வளவு ஆழத்தில் இவ்வளவு சூடு, இவ்வளவு உப்பு என்று அவை செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும். அந்த மிதவைகளைச் சுற்றி மீன் கூடும். மீன் கூடுகிற இடத்துக்குப் படகு வரும். படகைக் கட்டக் கயிறு வேண்டும். அந்தக் கயிற்றில் கருவி சிதைந்துபோவதும் உண்டு. யாருடைய உயிரைக் காக்க மிதவை நிற்கிறதோ அவர் கையாலேயே அது கெடுகிறது. குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மஞ்சள் மிதவை என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அவர்களிடம் போய் உட்கார்ந்து சொன்னவர்கள் எத்தனை பேர்?

2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தெற்கே வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரி முனை அருகே 'ஒக்கி' என்ற புயலாகிவிட்டது. அதற்கு முன்பே கடலுக்குப் போய்விட்ட மீனவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. ஒரே ராத்திரி! 2018 நவம்பர் 16 விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய 'கஜா'வோ, கரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேதான் கடும்புயலாக வலுத்தது. அது புதுக்கோட்டைச் சீமைத் தென்னைகளை வாரிச் சாய்த்துவிட்டு, எங்கள் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் நான் எங்கள் தெருவில் நடந்தேன். சாய்ந்த மரங்கள் எந்தப் பக்கமாகக் கிடக்கின்றன என்று, சேணக்காரர் ரெட்ஃபீல்டை நினைத்துக்கொண்டே பார்த்தேன். அதே சமயம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஊருணியில் தண்ணீர் ஏறியிருந்தது. ஐப்பசி, கார்த்திகைப் புயல்மழை தவறினால் எங்கள் கண்மாய்கள் வெறும் விளையாட்டு மைதானம். எந்தக் கடல் வாரிக்கொண்டு போகிறதோ, அதே கடல்தான் குடிக்கவும் கொடுக்கிறது. ஆகவே புயலே வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளக்கூட எங்களுக்கு வாய் வருவதில்லை. வரட்டும், ஆனால் சொல்லிவிட்டு வரட்டும் என்றுதான் வேண்டிக்கொள்ள முடியும்.

அப்பத்தா இப்போது இல்லை. இருந்தால் இவ்வளவையும் சொல்லியிருப்பேன். முதல் கேள்விக்கு முழுப் பதில் கிடைத்துவிட்டது அப்பத்தா. இரண்டாவது கேள்விக்குப் பாதி கிடைத்திருக்கிறது. மீதியைத் தேடிக் கப்பல் போயிருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

"கப்பல் திரும்பி வந்துடுச்சாப்பா?" என்று அவள் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு, சாமி அறைக்குப் போய் விளக்கைத் தூண்டிவிட்டு வந்திருப்பாள்.